காணாமற்போன ஐம்பத்தெட்டு

தோட்டத்தில் குடியிருப்பவர்கள் தோட்டத்தில்தான் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதற்காக ஒரு சபை இருந்தது. மலைநாட்டுத் தோட்ட வதிவிடப் பதிவுச் சபை என்பது அதன் முழுப்பெயர். வட்டகொடைப் புகையிரத நிலையத்துக்கு மேலே, மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அதன் பிராந்தியக் காரியாலயம் நடந்தது. நாலு தலைமுறையாக ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்து அதே லயத்தில் செத்த குடும்பமானாலும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்கும் உத்தியோகத்துக்கு மனுப்போடுவதற்கும் சபையின் வதிவிட அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி இல்லாதவர் எங்கேயும் வசிக்கவில்லை என்பது சபையின் தீர்மானம்.

1986ஆம் ஆண்டு தை மாதம் சபைக்கு ஒரு கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது. தனக்கு இனி வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு வெளிநாடு அதை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. சரக்கு ரயிலில் வந்த அதை இருபது பேர் கயிறு கட்டித் தூக்கி, முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடியில் வைத்தார்கள். அங்கே குளிர்காற்று இலவசம். அன்று மாலையே, கையால் எழுதிய பழைய பதிவேடுகள் எல்லாவற்றையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டி அரக்கு வைத்தார்கள். இனிமேல் இயந்திரம் அச்சடித்த அத்தாட்சி மட்டுமே செல்லும் என்று அறிவித்தல் ஒட்டப்பட்டது.

இயந்திரத்தை இயக்கும் பொறுப்பு ஜோசப்பினுக்கு வந்தது. அவள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர்களின் மகள். ஹற்றனில் கன்னியாஸ்திரிகளிடம் தட்டெழுத்துப் படித்தவள். அவளுடைய லயத்தில் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவள்தான். காரியாலயத்தில் மற்ற எல்லோரும் நாரிப்பிடிப்பு, பிள்ளைக்குச் சோதனை என்று காரணம் சொல்லித் தப்பிக்கொண்டதால், இயந்திரம் வருவதற்கு முன்பே அவளைக் கொழும்புக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள்.

பயிற்சியில் அவள் தெரிந்துகொண்டது இதுதான். வெளியே பார்ப்பதற்கு ஒரே இயந்திரம். உள்ளே பதினொரு இயந்திரங்கள். பதினொன்றும் உண்மையில் இல்லை. பதினொரு தோட்டங்களின் பதிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, தோட்டத்துக்கு ஒன்றாகச் செய்துவைத்த மாய இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடும் மூளை வேண்டும். அதைப் புரொசசர் என்றார்கள். நிஜமான புரொசசர் மொத்தம் இரண்டு. அந்த இரண்டையும் முறைவைத்துக் கொடுத்துப் பதினொரு மாய இயந்திரத்துக்கும் தலைக்கு ஒரு மாயப் புரொசசர் இருப்பதுபோலக் காட்டுவது, எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் ஒரு நிரல். அதற்குக் கேர்னல் என்று பெயர். ஒரு மாய இயந்திரத்துக்கு ஆகக்கூடினால் நாலு மாயப் புரொசசர்தான் கொடுக்கலாம் என்று அந்தக் கேர்னலுக்குள் ஒரு எல்லை எழுதியிருந்தது.

ஜோசப்பின் இதைக் கேட்டபோது லயத்துப் பீலியை நினைத்துக்கொண்டாள். ஒரே பீலியில் இருபது வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிப்பதில்லையா. முறைதான் முக்கியம். எட்டுக் குடம் கொண்டுபோனவளுக்காகப் பீலி கூடுதலாக ஊற்றாது.

தோட்டத்துக்கு ஒன்று என்று வைத்து நடத்தினாள். அத்தாட்சி கேட்டவருக்கு மூன்று நிமிஷத்தில் கிடைத்தது. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சபை அதைக் கவனிக்காமல் இருந்திருந்தால் பிறகும் வந்திராது.

*

சபையின் பிரதிப் பணிப்பாளர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷ சேவையில் ஒரு சுற்றறிக்கையைக்கூட மீறாதவர் என்று பெயரெடுத்தவர். பங்குனி மாதம் அவர் இயந்திரத்தின் அறிக்கைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முகம் கறுத்தது. ஆயிரத்து நூறு குடும்பம் இருக்கும் பிறேக்கன்ஹில் தோட்டத்துக்கும் ஒரு புரொசசர். தொண்ணூறு குடும்பம் இருக்கும் கடைசித் தோட்டத்துக்கும் ஒரு புரொசசர்.

"பிறேக்கன்ஹில் துரை இதைக் கண்டால் என்ன நினைப்பார்?" என்று கேட்டார்.

"அவரு இதைப் பார்க்க மாட்டாருங்க சேர்," என்றாள் ஜோசப்பின்.

"பார்த்தால்?"

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. முதலாந்தரத் தோட்டம் ஐந்துக்கும் தலா எட்டு. இரண்டாந்தரத் தோட்டம் நாலுக்கும் தலா நாலு. மூன்றாந்தரத் தோட்டம் இரண்டுக்கும் தலா இரண்டு. கூட்டினால் அறுபது.

ஜோசப்பின் தாளை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள். "சேர், நிசமா இருக்கிறது ரெண்டுதாங்க. அதோட ஒண்ணுக்கு நாலுக்கு மேல கேட்டா மெஷின் தொறக்காதுங்க. கேர்னல்ல எல்லை இருக்கு."

"நீர் சொல்லுற இந்த மாயப் புரொசசர் எங்கையிருந்து வருகுது? கப்பலிலையோ?"

"எங்கருந்தும் வரலைங்க சேர். அது இல்லாததுங்க."

"பிறகென்ன பிள்ளை? இல்லாத சாமானுக்கு ஏன் கஞ்சத்தனம்? எட்டுப் போடும்."

எழுத்தில் தரும்படி கேட்டாள். எழுத்திலேயே தந்தார். அவள் எட்டுப் போட்டாள். அடுத்த நாள் காலை இரண்டாந்தரத் தோட்டங்களும் மூன்றாந்தரத் தோட்டங்களும் வழக்கம்போலத் திறந்தன. முதலாந்தரத் தோட்டங்கள் ஐந்தும் திறக்கவில்லை. கேட்ட தொகை எல்லையைக் கடந்துவிட்டது என்று திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. சபையின் பார்வையில், மிகப் பெரிய ஐந்து தோட்டங்களிலும் அன்றிலிருந்து யாரும் குடியிருக்கவில்லை.

*

பிறேக்கன்ஹில்லிலிருந்து முதலில் வந்தவள் மீனம்மா. கொழுந்தெடுக்கும் காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு மேலே ஏறினாள். அவளுடைய மகள் பூரணிக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது. வைகாசி எட்டாந்திகதி, பகல் இரண்டு மணி, நுவரெலியா. வதிவிட அத்தாட்சி இல்லாதவர் அனுமதிக்கப்படார் என்று கடிதத்தின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தது. அந்தத் தோட்டத்தில் இப்படி ஒரு கடிதம் பெற்ற முதல் பிள்ளை பூரணி.

"பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க மிஸ்," என்றாள் மீனம்மா.

"பேரு இருக்குக்கா. தோட்டந்தான் தொறக்கலை."

"தோட்டம் தொறந்துதான கெடக்கு. நான் காலைப் பெரட்டுல பேரு குடுத்துட்டுத்தான வாறேன்."

ஜோசப்பின் எழுந்தாள். ஜெயரத்தினத்திடம் ஓடினாள். பிறேக்கன்ஹில்லுக்கு ஒன்றாகக் குறைத்தால் இந்த நிமிஷமே அச்சடிக்கலாம் என்றாள்.

"குறைக்கிறதோ?" ஜெயரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டுத் தகுதியுள்ள தோட்டத்துக்கு ஒண்டு குடுத்தால் அது தரக்குறைப்பு. தரக்குறைப்புக்கு அமைச்சின்ர அனுமதி வேணும். எல்லையைக் கூட்டுறதுதான் முறை. இந்த எல்லையைப் போட்டது ஆர்?"

"கேர்னல்லதாங்க சேர் இருக்கு. நானே மாத்தலாம். புத்தகத்துல வழி போட்டிருக்கு."

"நீர் மாத்த ஏலாது. கேணல் போட்ட உத்தரவைக் கிளறிக்கல் தரத்தில இருக்கிற ஒராள் மாத்துறதோ? நான் கேணலுக்கு எழுதுறன்."

அவர் வேறொரு கேணலைச் சொல்கிறார் என்பது அவளுக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது. கடிதம் இராணுவத்துக்குப் போயிருந்தது. சபையின் புரொசசர்களுக்குத் தாங்கள் விதித்துள்ள எல்லையை நாலிலிருந்து எட்டாக உயர்த்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டிருந்தார். இராணுவத்தில் அதை வாசித்தவர் யாரோ, தேயிலை சம்பந்தமான விஷயம் என்று எண்ணி, நுவரெலியாவில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கேணல் ஒருவருக்கு அனுப்பிவிட்டார்.

கேணல் நேரில் வந்தார். நல்ல உயரம். கம்பளித் தொப்பி. இயந்திரத்தை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, இளமையில் தோட்டங்களில் பழகிய தமிழில் ஜோசப்பினிடம் கேட்டார்.

"உள்ளே எத்தனை பேர் இருக்கு?"

"நிசமா ரெண்டுங்க சேர்."

"எத்தனை கேக்கிறாங்க?"

"அறுபதுங்க."

கேணல் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. "நமக்கும் அப்படித்தான் இருந்தது," என்றார். "கடதாசியிலே அறுபது. லொறியிலே ரெண்டு."

பிறகு ஜெயரத்தினத்திடம், தான் எந்த எல்லையும் போட்டதாக ஞாபகமில்லை என்றார். ஜெயரத்தினம் கைகட்டி நின்று, ஞாபகமில்லாவிட்டாலும் எட்டாக்குவதற்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, கேணல் போய்விட்டார். அந்தக் கடிதம் கண்ணாடிச் சட்டத்தில் போடப்பட்டு இன்னமும் காரியாலயத்தில் தொங்குகிறது.

அன்று பிற்பகலே ஜோசப்பின் தடித்த புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேர்னலில் நாலு என்றிருந்ததை எட்டு என்று மாற்றினாள். நிரலை மறுபடி கட்டி, இயந்திரத்தை நிறுத்தி ஓடவிட்டாள். நாற்பது நிமிஷ வேலை. பதினொரு தோட்டங்களும் திறந்தன. ஜெயரத்தினம் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன் பிறகுதான் இயந்திரம் படுத்துவிட்டது.

நிஜமான இரண்டும் அறுபது இல்லாதவற்றுக்கு முறைவைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தது யார், அடுத்தது யார் என்று கூப்பிடுவதிலேயே பொழுது போயிற்று. மூன்று நிமிஷத்தில் வந்த அத்தாட்சி, காலையில் கேட்டால் மறுநாள் மாலையில் வந்தது. அடுத்த கிழமை மூன்று நாளாயிற்று. படிக்கட்டில் ஆட்கள் கீழே புகையிரதப் பாதை வரைக்கும் வரிசையில் நின்றார்கள்.

மீனம்மா மூன்றாந்தடவையாக வந்தாள். "இப்ப தோட்டம் தொறந்திருச்சாமே மிஸ்?"

"தொறந்திருச்சுக்கா. உங்க தோட்டத்துக்கு எட்டுக் குடுத்திருக்காங்க. அதுதான் லேட்டாகுது."

"எட்டு என்னது?"

ஜோசப்பின் தன்னால் இயன்ற மட்டும் விளக்கிச் சொன்னாள். மீனம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப இல்லாததைத்தான் குடுத்திருக்காங்க," என்றாள். "அது எங்களுக்கு வழக்கமா வாறதுதான்."

*

சித்திரை கடைசியில் உள்ளகக் கணக்காய்வாளர் சிவராசா கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். சுற்றறிக்கைப்படி அறுபது புரொசசர் வழங்கப்பட்டிருக்கிறது. களஞ்சியப் பொறுப்பாளர் செல்லசாமியின் பதிவில் இருப்பது இரண்டு. ஐம்பத்தெட்டைக் காணவில்லை. ஜோசப்பினை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து விசாரித்தார். ஜெயரத்தினம் பக்கத்தில் இருந்து எழுதினார்.

"கடைசியா அதுகளை எப்ப கண்டனீர்?"

"நான் கண்டதே இல்லைங்க சேர்."

"காணாத சாமானை எப்பிடிக் கையொப்பம் வைச்சுப் பாரமெடுத்தனீர்?"

"பாரமெடுக்கலைங்க. நம்பர்தான் அடிச்சேன்."

"அப்ப நம்பர் இருக்கு. சாமான் இல்லை."

"ஆமாங்க சேர்."

"இதைத்தான் களவு எண்டு சொல்லுறது." சிவராசா பேனாவை மேசையில் வைத்தார். "பிள்ளை, நான் இருபத்திரண்டு வருஷமாக் கணக்காய்வு செய்யிறன். இல்லாத பாலத்துக்குப் பெயின்ற் அடிச்சதைப் பார்த்திருக்கிறன். அங்கை பெயின்ற் வாளியாவது இருந்தது. நீர் ஒரு வாளியைக்கூட விட்டுவைக்கேல்லை."

ஜோசப்பினுக்குக் கண் கலங்கியது. அவள் வீட்டில் அந்தக் கதிரை வேலையை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். விசாரணை இரண்டு நாள் நடந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் செல்லசாமி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஒரு காலத்தில் அதே தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி எண்ணியவர்.

"ஏம்மா ஜோசப்பினு, அந்த அம்பத்தெட்டும் ஓடிக்கிட்டுத்தான இருக்கு?" என்று கேட்டார்.

"ஓடுதுங்கண்ணே. அதனாலதான் மெஷினே நகர மாட்டேங்குது."

"அப்பச் சரி." பதிவேட்டைத் திறந்து, ஐம்பத்தெட்டுக்கும் நேரே ஒரே சொல்லாக எழுதினார். பாவனையில். உபயோகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சிவராசா அதை வாசித்தார். பாவனையிலுள்ள பொருளைப் பரிசோதனைக்காக நிறுத்தக் கூடாது என்று விதி இருந்தது. எழுந்து கைகொடுத்தார். பாவனை என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

போகும்போது ஜோசப்பினிடம் ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அறுபதில் ஒன்றையேனும் குறைத்தால் அது களவாகக் கொள்ளப்படும், அன்றே வேலை நீக்கம்.

*

வைகாசி எட்டாந்திகதி சபையின் தலைவர் கொழும்பிலிருந்து வருகிறார் என்று அறிவித்தார்கள். அறுபது புரொசசர் திட்டத்தை அங்குரார்ப்பணம் செய்து, முதலாவது அத்தாட்சியைத் தன் கையாலேயே அச்சடித்து ஒரு தொழிலாளிக்கு வழங்குவார். ஏற்கெனவே நானூறு அத்தாட்சி வழங்கியிருந்தாலும் இதுவே முதலாவது. தொழிலாளி ஒருவரைப் பிடித்துத் தரும்படி ஜெயரத்தினம் கேட்டபோது, ஜோசப்பின் மீனம்மாவின் பெயரைச் சொன்னாள்.

விழாவன்று மேல்மாடி முழுக்கக் கடதாசிப் பூ. தலைவர் பத்து மணி பத்துக்கு விசையை அழுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அச்சு இயந்திரம் அசையவில்லை. தலைவர் புன்னகைத்துவிட்டு, அது வரும்வரைக்கும் இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொன்னார். அவர் சிங்களத்தில் பேச, ஜெயரத்தினம் வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"தோட்ட மக்களுக்கு இதுவரை எந்த அரசாங்கமும் எட்டுக் கொடுத்ததில்லை. நாங்கள் கொடுத்திருக்கிறோம். ஒரு சாமான்கூட இறக்குமதி செய்யாமல் கொடுத்திருக்கிறோம். இதில் உடைவதற்கு எதுவும் இல்லை. திருத்துவதற்கு எதுவும் இல்லை. பராமரிப்பும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்றைத்தான் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன்."

முன் வரிசையில் மாலையோடு மீனம்மா. அவளுக்குப் பக்கத்தில் பூரணி, வெள்ளைச் சேலை, மடியில் சான்றிதழ்க் கோப்பு. நுவரெலியாவுக்குப் போகும் பஸ் பதினொன்று நாற்பதுக்குக் கீழே வரும். அதை விட்டால் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வழியில்லை. பதினொரு மணியாயிற்று. தலைவர் தன்னுடைய பாடசாலைக் காலத்துக்கு வந்திருந்தார். பூரணி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் கோப்பைப் பார்ப்பதுமாக இருந்தாள். மீனம்மா ஜோசப்பினை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோசப்பின் சிவராசாவின் கடிதத்தில் போட்ட தன்னுடைய கையொப்பத்தை நினைத்தாள். அதில் ஜே எழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போட்டிருந்தாள். பிறகு திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு தோட்டமாக மூடினாள். எட்டு, நாலு, இரண்டு என்றிருந்த இடமெல்லாம் ஒன்று என்று அடித்தாள். மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்தாள். தலைவர் விசையை அழுத்திய மனு தொலைந்து போயிருந்தது. தானே இன்னொரு தடவை அழுத்தினாள்.

பதினொன்று இருபத்தாறுக்கு அச்சு இயந்திரம் கடகடவென்று அடித்தது. தலைவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். மீனம்மா, பிறேக்கன்ஹில் தோட்டம், ஆறாம் இலக்க லயம், மகள் பூரணி. மண்டபம் முழுக்கக் கைதட்டல். படம் பிடித்து முடியும் முன்னரே பூரணி தாளை வாங்கிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். பஸ்ஸின் பின்கதவில் அவள் தொற்றி ஏறுவதை யன்னலோரம் நின்றவர்கள் பார்த்தார்கள்.

"எட்டின்ர வேகம் இதுதான்," என்று ஜெயரத்தினம் தலைவரிடம் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு அவர் அறிக்கைத்தாளை எடுத்துப் பார்த்தார். ஜோசப்பின் எழுந்து நின்றாள்.

"நான்தாங்க சேர். எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். நீங்க என்ன செஞ்சாலும் சரி."

ஜெயரத்தினம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிள்ளை, இது வெளியில தெரிஞ்சால் எனக்கு இன்னும் மூண்டு வருஷம் இருக்கிற பென்சன் போகும். உமக்கு வேலை போகும். தலைவரின்ர பேச்சுப் பேப்பரில வரப்போகுது." தாளை மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தார். "அறுபது எண்டு ஒரு தாள் அடிச்சு என்ர மேசையில வையும். மெஷின் தன்ர பாட்டில ஓடட்டும்."

"பொய்த்தாளுங்களா சேர்?"

"சுற்றறிக்கைப்படியான தாள்."

பூரணி தெரிவானாள். ஆனியில் கலாசாலைக்குப் போனாள். அத்தாட்சி பழையபடி மூன்று நிமிஷத்தில் வந்தது. படிக்கட்டில் வரிசை இல்லை. இதையெல்லாம் கொழும்பில் கவனித்தார்கள். இல்லாததைக் கூட்டிக் கொடுத்ததால் மலைநாட்டில் இவ்வளவு முன்னேற்றம் என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். ஆவணியில் புதிய சுற்றறிக்கை வந்தது. இதே முறையைக் குடியிருப்புக்கும் விஸ்தரிக்கச் சபை தீர்மானித்திருக்கிறது. முதலாந்தரத் தோட்டத்தில் ஒற்றை அறையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இனி நாலு காம்பரா. கட்டட வேலை எதுவும் தேவையில்லை. இயந்திரத்தில் பதிந்து அத்தாட்சியில் அச்சடித்தால் போதும். எல்லையை முன்கூட்டியே எட்டாக வைத்துக்கொள்ளவும்.

புதிய அத்தாட்சியை வாங்க மீனம்மா வந்தபோது நல்ல மழை. தலையில் போட்டிருந்த சாக்கை உதறிவிட்டு, தாளை நனையாமல் பிடித்துக்கொண்டு, ஜோசப்பினை வாசிக்கச் சொன்னாள். ஜோசப்பின் வாசித்தாள். குடும்பத்தில் ஆட்கள் ஆறு. காம்பரா நாலு.

மீனம்மா சிரிக்கவில்லை. தாளை வாங்கி ஒருதடவை அவளும் பார்த்தாள்.

"இதுல ஒழுகாத காம்பரா எதுன்னு பாத்துச் சொல்லுங்க மிஸ்," என்றாள். "இன்னைக்கே பாயை அங்க மாத்திருறேன்."